அசையாமல் படுத்துக் கேட்பவர்கள்

அந்த மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், பகல் வெளிச்சம் எட்டிப் பார்க்காத ஒரு தாழ்வாரத்தின் கோடியில், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறை இருந்தது. மெஷினை ஓட்டுகிற டெக்னீஷியனுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் வாசல் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் கம்பியார்தான். கம்பி என்றால் கிடார் கம்பி. அதற்காக அவர் கிடார் வாசிப்பார் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தடவை கடையில் ஒன்றை வாங்கி மடியில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறத்தியார் குழந்தை மடியை நனைத்துவிட்டது போல அவசரமாகத் திருப்பிக் கொடுத்ததோடு சரி. அவர் கேட்கிறவர். ‘சும்மா கேட்கிறவர்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கிவிடும். வாசிக்கிறவன் செய்வது பாதி வேலை, மீதியைக் கேட்கிறவன்தான் செய்து முடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

என்ன கேட்பார் என்பதில்தான் விவகாரமே. எலெக்ட்ரிக் கிடார், பேஸ் கிடார், டிரம்ஸ் எல்லாம் உண்டு. ராக் இசைதான். ஆனால் பாடுகிறவர் கிடையாது. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரு வார்த்தை கிடையாது. பாடகர் நிற்க வேண்டிய இடத்தில் கிடார் நின்றுகொண்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் அதுவே சொல்லிவிட்டுப் போகும். இப்படிப்பட்ட ஆல்பங்கள் அவர் வீட்டு அலமாரியில் இரண்டு தட்டுகளை அடைத்துக்கொண்டிருந்தன. மூன்றாவது தட்டைக் கேட்டு மனு போட்டதற்கு மனைவி இன்னும் பதில் சொல்லவில்லை.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் அவர் பிறந்த வீடு. அப்பா ஏலக்கடையில் ஏலம் கூறுகிறவர். அம்மா டெலிபோன் ஆபரேட்டர். அக்காமார் இரண்டு பேர், பேச்சில் அப்பனையும் ஆத்தாளையும் தூக்கிச் சாப்பிட்டவர்கள். கடைக்குட்டியாகப் பிறந்த நம்மாள் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பேச்சு முடிந்து அடுத்த பேச்சு ஆரம்பித்திருக்கும். பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு கேசட்டு வாங்கினார். அட்டையில் நீளமுடிக்காரர் ஒருவர் கிடாரைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். வீட்டுக்கு வந்து போட்டுவிட்டுப் பாடகருக்காகக் காத்திருந்தார். ஒரு பாட்டு போயிற்று, பாடகர் வரவில்லை. இரண்டு போயிற்று, ஆளைக் காணோம். முதல் பக்கம் முடிகிற வரைக்கும் காத்திருந்தவர், கேசட்டைத் திருப்பிப் போட்டபோது காத்திருப்பதை விட்டுவிட்டார். யாரோ ஒருவர் தன்னிடம் மணிக்கணக்காகப் பேசுகிறார், ஆனால் இதைச் செய், அதைச் செய்யாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை! அப்படி ஒரு ஆளை அந்த வீட்டில் அவர் அதுவரை சந்தித்ததே இல்லை. அன்றைக்கு விழுந்தவர்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

வாசிக்கிறவர்களுக்கெல்லாம் அவராகவே பட்டப்பெயர் வைத்திருந்தார். ஒருவர் அவசரக்காரர், பஸ் கிளம்பிவிடப் போகிறது என்பது போல வாசிப்பவர். ஒருவர் அழுமூஞ்சி, எந்தப் பாட்டை எடுத்தாலும் அதில் யாரோ யாரையோ விட்டுப் பிரிந்துகொண்டிருப்பார்கள். ஒருவர் கணக்குப்பிள்ளை, தப்பு என்பதே கிடையாது, கேட்டு முடித்ததும் மனதில் ஒன்றும் தங்கவும் தங்காது. இவர்கள் எல்லோருக்கும் மேலே நிதானக்காரர். கம்பியை விரலால் தள்ளி வளைத்தால் சுரம் ஏறும், அது எல்லோரும் செய்கிற வேலை. அவசரக்காரர் ஒரே தாவலில் ஏறிவிடுவார். நிதானக்காரரோ போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஒரு நூல் கீழேயே நின்றுவிடுவார். வருவாரா மாட்டாரா என்று கேட்கிறவன் காத்துக் கிடப்பான். இனிமேல் வரமாட்டார் என்று நாம் கைகழுவிய பிறகு, சாவகாசமாக வந்து சேருவார். அந்த இடத்தில் கம்பியாருக்கு ஒவ்வொரு தடவையும் புல்லரித்துவிடும்.

வேகமாக வாசிப்பவர்கள்மேல் அவருக்கு விரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் வேகத்தை வைத்து ஆளை எடைபோடக் கூடாது என்பார். எப்பேர்ப்பட்ட வேகக்காரனும் ஆல்பத்தின் நடுவில் மெதுவான பாட்டு ஒன்று வாசித்தே ஆக வேண்டும். அங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை, சரக்கு இருக்கிறதா இல்லையா என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். ஆல்பம் என்றால் முதலிலிருந்து கடைசி வரைக்கும் கேட்க வேண்டும். நடுவில் பிடித்ததை மட்டும் உருவிக் கேட்கிறவர்களோடு அவர் அன்னம் தண்ணி புழங்கமாட்டார்.

புழங்கமாட்டார் என்று சொல்கிறேனே, புழங்குவதற்கு ஆள் இருந்தால்தானே! அவருடைய குறையே அதுதான். இந்த வயது வரைக்கும், ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு ஆல்பத்தை முழுசாகக் கேட்டுவிட்டு அவரிடம் வந்து நாலு வார்த்தை பேசியதில்லை. கல்யாணமான புதிதில் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து நிதானக்காரரைப் போட்டார். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், பொறுமைசாலி. இரண்டு பாட்டு வரை கேட்டுவிட்டு, எப்போது பாட ஆரம்பிப்பார்கள் என்று விசாரித்தாள். யாரும் பாடமாட்டார்கள் என்று தெரிந்ததும், அந்தக் கிடார்காரருக்கு உடம்புக்கு ஏதாவது தொந்தரவா என்று இரக்கத்தோடு கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போனவள்தான். மகள் வளர்ந்த பிறகு அவளிடம் முயன்று பார்த்தார். செருப்பு விளம்பரத்துக்குப் பின்னால் வருகிற மாதிரி இருக்கிறது என்று அவள் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அதிலிருந்து வீட்டில் ஹெட்போன்தான். அவர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வந்த விருந்தாளிகள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஏதோ வைத்தியம் நடக்கிறது என்று நினைப்பு.

இப்படி இருந்தவருக்குத்தான் அந்த ஸ்கேன் மெஷின் கிடைத்தது. அதுவரை எக்ஸ்ரே அறையில் இருந்தவரைப் பயிற்சிக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் புது மெஷினைக் கையில் கொடுத்தார்கள். அந்த மெஷினைப் பார்த்திருக்கிறீர்களோ இல்லையோ, பெரிய குழாய் மாதிரி இருக்கும். ஆளைப் பலகையில் படுக்கவைத்து உள்ளே தள்ளுவார்கள். உள்ளே இரும்புப் பட்டறை போலச் சத்தம். அரைமணி நேரம் விரலைக்கூட அசைக்கக் கூடாது. பயம் தெரியாமலிருக்கக் காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுப் போடலாம். உள்ளே உலோகம் போகக் கூடாது என்பதால் அந்த ஹெட்போனில் கம்பியும் காந்தமும் கிடையாது, பிளாஸ்டிக் குழாய் வழியாகச் சத்தம் காற்றில் போகும். தாங்கமுடியாவிட்டால் அழுத்துவதற்குக் கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள்.

யோசித்துப் பாருங்கள். எழுந்து போக முடியாது, குறுக்கே பேச முடியாது, தலையைக்கூடத் திருப்ப முடியாது. அப்படிப்பட்ட ஆட்கள் ஒவ்வொருவராக, காலையிலிருந்து சாயங்காலம் வரை, டாக்டர் சீட்டோடு அவரைத் தேடி வந்தார்கள். கம்பியாருக்குத் தலைகால் புரியவில்லை.

மருத்துவமனை கொடுத்த இசைத்தட்டு ஒன்றும் இருந்தது. அருவி கொட்டும், ஓடை சலசலக்கும், நடுவில் ஒரு பறவை கத்தும். மனதை அமைதிப்படுத்துமாம். அமைதிப்படுத்தியதோ என்னவோ, ஓடை சலசலக்க ஆரம்பித்ததும் பாதிப்பேர் பந்தை அழுத்தி, பாத்ரூம் போக வேண்டும் என்றார்கள். எடுத்த படமெல்லாம் வீண். ஆகவே அந்தத் தட்டை மேஜை டிராயரில் போட்டுவிட்டு, பொதுநலம் கருதி, வீட்டிலிருந்து தன்னுடையதைக் கொண்டுவந்தார். கழுத்துக்கு அழுமூஞ்சி. முதுகெலும்புக்கு அரைமணிக்கு மேல் ஆகும், நிதானக்காரர். தலைக்குக் கணக்குப்பிள்ளை, ஏனென்றால் தலை ஸ்கேனில் மெஷின் போடுகிற கடகடவுக்கு அவர் தாளம் ஒத்துப்போகும். முடிந்து ஹெட்போனைக் கழற்றும்போது, “எப்படி இருந்துச்சு?” என்று கேட்பார். பயப்படும்படி ஏதாவது இருக்கிறதா என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். அதை டாக்டர் சொல்வார், நான் பாட்டைக் கேட்டேன் என்பார். “பாட்டா? எப்ப சார் பாடினாங்க?” என்பார்கள். ஒரு வக்கீல் மட்டும், பாடகர் கடைசி வரை ஆஜராகவே இல்லையே என்று வருத்தப்பட்டார். வருடக்கணக்காக இதேதான். அவரும் சளைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

முதல் வினை ஒரு தச்சரால் வந்தது. முட்டிவலி. அன்றைக்கு ஏதோ குஷியில் அவருக்கு அவசரக்காரரைப் போட்டுவிட்டார் கம்பியார். தச்சருக்கு இசை புரிந்ததோ இல்லையோ, அவர் காலுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே படுத்தபடி தாளம் போட்டிருக்கிறார். படத்தைப் பார்த்த எலும்பு டாக்டர், இந்த ஆளுக்கு அந்தக் காலில் முட்டி ஒன்றா இரண்டா என்று எழுதிக் கேட்டார். விஷயம் நிர்வாகி அம்மாவிடம் போயிற்று. அந்த அம்மா கோபப்பட்டுப் பேசுகிற ரகம் இல்லை, மெதுவாகப் பேசுகிற ரகம். அது இன்னும் மோசம். இனிமேல் மருத்துவமனைத் தட்டைத் தவிர வேறு எதுவும் அந்த மெஷினில் ஓடக் கூடாது, ஓடினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மெதுவாகச் சொன்னார். கம்பியார் பயந்துபோனார். மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். ஓடை மறுபடியும் சலசலத்தது. நோயாளிகள் மறுபடியும் பாத்ரூமுக்கு ஓடினார்கள்.

இந்த நேரம் பார்த்தா நிதானக்காரர் புது ஆல்பம் போட வேண்டும்? பல வருடம் ஓய்ந்திருந்த மனிதர். கை போய்விட்டது, இனி வாசிக்கமாட்டார் என்றெல்லாம் பேச்சு இருந்தது. ஆல்பம் வந்து சேர்ந்த அன்று கம்பியார் இரண்டு தரம் கேட்டார். மறுநாள் பேருந்தில் கேட்டார். அதற்குமேல் நெஞ்சு கொள்ளவில்லை. யாரிடமாவது கொட்டாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது. நாலாவது பாட்டில் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் விடமாட்டேன் என்கிறார். டிரம்ஸ் ஓய்ந்துவிடுகிறது, பேஸ் ஓய்ந்துவிடுகிறது, அது மட்டும் தன்னந்தனியாக மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. இதை ஒருத்தனாவது கேட்க வேண்டாமா? ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆளுக்கு, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தட்டை மாற்றிவிட்டார்.

உள்ளே படுத்திருந்தவர் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர். மருத்துவமனையின் புதுக் கட்டடத்தை எழுப்பியவரே அவர்தான். கழுத்துவலி. இந்த மெஷின் ஒரு படவரிசையை எடுத்து முடித்ததும் அடுத்ததற்கு முன்னால் கொஞ்சம் ஓயும். ஒப்பந்தக்காரரின் கெட்ட நேரம், மெஷின் ஓய்ந்த அதே நேரத்தில் நாலாவது பாட்டு அந்தச் சுரத்துக்கு வந்து சேர்ந்தது. பட்டறைச் சத்தம் பட்டென்று நின்றுபோய், அந்த நிசப்தத்தில், ஒற்றைச் சத்தம் ஒன்று இழுத்துக்கொண்டே ஏறினால் குழாய்க்குள் படுத்திருக்கிற மனிதன் என்ன நினைப்பான்? பந்தை அவர் அழுத்திய அழுத்தில் அது கிழியாதது ஆச்சரியம். வெளியே இழுத்தால் சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. மெஷின் வெடிக்கப் போகிறது, உள்ளே ஏதோ இழுபட்டு அலறுகிறது, நான் காதால் கேட்டேன் என்று தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். நிர்வாகி அம்மா ஓடி வந்தார்.

அது மெஷின் இல்லை, கிடார் என்று சொல்ல வாயைத் திறந்தார் கம்பியார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

மெஷினை நிறுத்திவிட்டார்கள். கம்பெனிக்குச் சொல்லியாயிற்று, இஞ்சினியர் வெளியூரிலிருந்து வர வேண்டும், அதுவரை யாருக்கும் ஸ்கேன் இல்லை. வரவிருந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்கிற வேலையும் கம்பியார் தலையிலேயே விழுந்தது. ஒரு பெண் தன் கணவனுடைய முதுகுக்காக மாதக்கணக்காகக் காத்திருந்தவள். சரிங்க சார், மெஷின் என்றால் ரிப்பேர் ஆகத்தானே செய்யும், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அவருக்கே ஆறுதல் சொன்னாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் மூச்சுவிடவும் இல்லை. ஹெட்போனைத் தொடாமல் படுத்துக்கொண்ட கணவனின் நெற்றியை மனைவி தொட்டுப் பார்த்தாள்.

வந்த இஞ்சினியர் ஒரு பெண். நடுவயது, தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார். வணக்கத்துக்கு வணக்கம், கேள்விக்குப் பதில், அதற்குமேல் ஒரு எழுத்துக் கிடையாது. மெஷினின் பக்கவாட்டு மூடிகளைக் கழற்றினார். குளிரூட்டும் குழாய்களைப் பார்த்தார். காயில் என்கிற கம்பிச் சுருள் ஒவ்வொன்றையும் சோதித்தார். காலையிலிருந்து மத்தியானம் வரை ஒன்றும் அகப்படவில்லை. பின்னாலேயே நின்ற கம்பியாருக்கு, ஒவ்வொரு திருகாணியும் தன் உடம்பிலிருந்து கழற்றப்படுவது போலிருந்தது. சத்தம் ஒரு தடவை கேட்டிருந்தால் மறுபடியும் கேட்டே தீரும், காரணம் தெரியாமல் மெஷினை ஓட்ட என்னால் அனுமதி கொடுக்க முடியாது என்று நிர்வாகி அம்மாவிடம் அந்தப் பெண் சொல்லிவிட்டார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றினார். பையிலிருந்த சாவியை எடுத்து வைத்தார்.

“நானே உள்ள படுக்கறேன் சார். அன்னைக்கு என்ன ஓட்டினீங்களோ, அதையே ஓட்டுங்க. ஹெட்போன் உட்பட எல்லாம் அப்படியே இருக்கணும். ஒண்ணும் மாத்தக் கூடாது.”

கம்பியார் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் நிர்வாகி அம்மா. டிராயரில் இரண்டு தட்டுகள். ஒன்றில் ஓடை, ஒன்றில் நிதானக்காரர்.

ஓடையைப் போட்டால் பிழைத்தார். அந்தப் பெண்மணி ஒன்றும் கேட்கமாட்டார், ஒப்பந்தக்காரருக்குப் பிரமை என்று எழுதினாலும் எழுதிவிடுவார், வேலையும் தப்பும். அவருக்கு அது தெரியாமலில்லை. கை அதை நோக்கித்தான் போயிற்று. அப்போதுதான் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். இஞ்சினியர் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். சின்னதாக ஒரு கீச்சுச் சத்தம் வந்தாலும் தப்பவிடக் கூடாது என்று உடம்பு முழுக்கக் காதாகக் கிடந்தார். இப்படிக் கேட்கிற ஒரு ஜீவனை அவர் தன் ஆயுளில் பார்த்ததில்லை. இனியும் பார்க்கப் போவதில்லை. இந்தக் காதுக்கு ஓடையைப் போடுவதா? வேலை போனாலும் போகட்டும், அது மட்டும் தன்னால் ஆகாது என்று அவர் மனது சொல்லிவிட்டது. கை நிதானக்காரரை எடுத்துப் போட்டது.

முதல் பாட்டு போயிற்று. பந்து அழுத்தப்படவில்லை. இரண்டு, மூன்று. நாலாவது வந்தது. மெஷின் ஓயும் நேரத்தில் அந்தச் சுரம் ஏறியிருக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த கம்பியார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். மேஜைமேலிருந்த கேமராத் திரையில் இஞ்சினியரின் கால் கட்டைவிரல் மட்டும் லேசாக மடங்கி நிமிர்ந்தது. கழுத்து ஸ்கேனின் படவரிசைகள் முடிந்துவிட்டன. முடிந்துவிட்டதே, வெளியே எடுக்கலாமே என்றார் நிர்வாகி அம்மா. ஒன்றும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே, தட்டு முடியட்டும் என்று கம்பியார் துணிந்து ஒரு சாக்கை எடுத்து விட்டார். உள்ளே இருந்தவரும் பந்தை அழுத்தவில்லை. பத்துப் பாட்டும் ஓடி முடிந்தது.

பலகை வெளியே வந்தது. இஞ்சினியர் பலகையில் உட்கார்ந்து ஹெட்போனைக் கழற்றினார். தட்டிருந்த பக்கம் ஒரு பார்வை, கம்பியார் முகத்தில் ஒரு பார்வை. பிறகு எழுந்து வந்து நிர்வாகி அம்மாவிடம், மெஷினில் ஒன்றும் இல்லை என்றார். ஹெட்போன் குழாயில் ஒரு இடத்தில் இணைப்புத் தளர்ந்து காற்று சீறியிருக்கிறது, அவ்வளவுதான், இறுக்கிவிட்டேன், இன்றைக்கே ஓட்டலாம். எந்த இணைப்பும் தளர்ந்திருக்கவில்லை. அந்தப் பெண் எதையும் இறுக்கவும் இல்லை. கம்பியாருக்கு உயிர் போய் உயிர் வந்தது. நிர்வாகி அம்மா கதவருகே நகர்ந்து, ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டு நல்ல சேதியைச் சொல்ல ஆரம்பித்தார்.

இஞ்சினியர் கருவிகளைப் பெட்டியில் அடுக்கியபடி, தலையை நிமிர்த்தாமல், கம்பியாருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“நாலாவது பிரமாதம் சார். ஆறாவது மட்டும் தேவையே இல்ல.”

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒரு புன்னகை, ஒரு தலையசைப்பு, அதோடு முடிந்திருக்கும். கதவருகே யார் நிற்கிறார் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் மனுஷன் எத்தனை வருடம் காத்திருந்திருக்கிறான்! முழுசாகக் கேட்டுவிட்டு ஒரு ஆத்மா அவரிடம் வாய் திறந்து பேசியிருக்கிறது. பேசியதும் என்ன பேச்சு? தப்பான பேச்சு! கம்பியாருக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து வாய்வழியே வெளியே வந்தன.

“ஆறாவதா? என்ன மேடம் இப்படிச் சொல்றீங்க? ஆறாவதுலதானே மனுஷன் அடக்கி வாசிக்கிறார். அது இல்லாம ஏழாவது எப்படி மேடம் எடுபடும்? அதுதான் ஏழாவதுக்கு வாசப்படி.”

“வாசப்படியே இவ்வளவு நீளமா இருந்தா, வீட்டுக்குள்ள எப்ப சார் போறது?”

“அவசரப்படறவங்களுக்கு அப்படித்தான் தோணும்.”

“நான் அவசரப்படல. கைக்கு வேற வேலை இல்லாம வாசிச்ச மாதிரி இருக்கு, அவ்வளவுதான். ஒன்பதாவதுலயும் அதையே செய்யறார், ஆனா அங்க சொல்றதுக்கு விஷயம் இருக்கு.”

ஒன்பதாவதுக்கும் ஆறாவதுக்கும் அடியில் ஓடுவது ஒரே மெட்டு என்பதைக் கம்பியார் அதுவரை கவனித்திருக்கவில்லை. ஆனாலும், அது ஒன்பதாவதின் குற்றமே தவிர ஆறாவதின் குற்றம் அல்ல என்று ஒரு வாதத்தைப் பிடித்தார். அவர் குரல் ஏறியது. அந்தப் பெண்ணின் குரலும் ஏறியது. கேள்விக்குப் பதிலைத் தவிர ஒரு எழுத்துப் பேசாத இஞ்சினியர், கையில் ஸ்பானரை வைத்துக்கொண்டு, நிதானக்காரருடைய பழைய ஆல்பம் ஒன்றை எடுத்துவிட்டார். கம்பியார் அதற்கு முந்தையதை எடுத்துவிட்டார். போனில் பேச்சு நின்றுபோய் வெகுநேரம் ஆகியிருந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

“எந்த ஆறாவது? எந்த ஒன்பதாவது?” என்று நிர்வாகி அம்மா மெதுவாகக் கேட்டார்.

அப்புறம் என்ன, எல்லாம் அம்பலம். வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள். மெஷின் கெட்டுப்போகவில்லை, யாருக்கும் சேதமும் இல்லை, அதையே ஓட்டச் சொன்னதும் நான்தான் என்று அந்த இஞ்சினியர் மன்றாடாத குறையாகச் சொன்னதால் உத்தியோகம் தப்பித்தது. ஆனால் ஸ்கேன் அறை போயிற்று. அடுத்த நாளிலிருந்து மறுபடியும் எக்ஸ்ரே அறை. அங்கே ஆளை நிறுத்தி, மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று சொல்வதற்குள் வேலை முடிந்துவிடும். அந்த நேரத்துக்குள் நிதானக்காரர் ஒரு கம்பியைக்கூட முழுசாக வளைத்து முடிக்கமாட்டார். கம்பியாருக்கு எது வலிக்கும் என்று நிர்வாகி அம்மாவுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனார். மனைவி மேஜையில் பரீட்சைத் தாள்களைப் பரப்பித் திருத்திக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்து, ஒப்பந்தக்காரரில் ஆரம்பித்து எக்ஸ்ரே அறை வரை எல்லாவற்றையும் சொன்னார். ஸ்கேன் அறை போனதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அந்தப் பெண் ஆறாவதைப் பற்றிச் சொன்னதற்குப் போனார். அங்கேயே நின்றுவிட்டார். வாசப்படி என்று தான் சொன்னது, நீளம் என்று அந்தப் பெண் சொன்னது, ஒன்பதாவதில் ஒளிந்திருக்கும் மெட்டு, அதைத் தான் கவனிக்காமல் விட்ட வெட்கம், திரும்பி வரும் வழியில் தோன்றிய புதுப் பதில்கள் என்று ஒன்றுவிடாமல் கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அந்த வீட்டில் அவர் இத்தனை நேரம் தொடர்ந்து பேசியதே கிடையாது. சொல்லும்போது சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

“முழுசா கேட்டாங்க தெரியுமா? பத்தையும். ஒண்ணுகூட விடாம.”

தண்டனை வாங்கிக்கொண்டு வந்த மனிதன் பரிசு வாங்கியவன் போல உட்கார்ந்திருப்பதை மனைவி பார்த்தாள். பக்கத்தில் இத்தனை வருடம் இருந்தும் இதை ஒரு தடவைகூடத் தான் கொடுக்கவில்லையே என்று அவளுக்குச் சுருக்கென்றது. முன்பின் தெரியாத வெளியூர்க்காரி ஒருத்தி வந்து கொடுத்துவிட்டுப் போகிறாள் என்று கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். அந்த ஆறாவதைப் போடுங்கள், யார் பக்கம் நியாயம் என்று பார்ப்போம் என்றாள். ஹெட்போனில் வேண்டாம், வெளியிலேயே போடுங்கள் என்றாள்.

அவர் போட்டார். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, அம்மாவின் முகத்தைக் கண்டு சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாள். ஆறாவது முடிந்தது. கம்பியார் மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தம்மா சொன்னதுதான் சரி” என்றாள் மனைவி. “பாஸ் மார்க் போடலாம். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.”

கம்பியார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஆறாவதைத் தனியாக உருவிக் கேட்டால் வேறு எப்படி இருக்கும், அது ஐந்து பாட்டுக்குப் பிறகு வர வேண்டியது, முதலிலிருந்து கேட்காமல் மார்க் போட யாருக்கும் உரிமை கிடையாது என்று படபடவென்று பொரிந்து தள்ளினார்.

“அப்ப முதல்லேருந்து போடுங்க” என்று அவள் தாள்களை ஒதுக்கி வைத்தாள். “கேக்கத்தானே உக்காந்திருக்கேன்.”